அபேட்சகரைக் கேட்க வேண்டிய கேள்வி

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் என்றால் நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அதே நாட்டில் குழந்தைகளின் படிப்போடு நேரடிச் சம்பந்தமுள்ள இன்னொரு தேர்தல் நடக்கிறது. அதை நாம் கவனிப்பதேயில்லை. பள்ளி நிர்வாகத்துக்கென்று அந்நாடு சுமார் 13,000 கல்வி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. (ஹவாய் ராஜ்யம் முழுவதும் ஒரே வட்டாரம்!) பெரும்பாலானவற்றில் ஊராரே வாக்களித்துக் கல்விக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அபேட்சகர்கள் அதற்கு முன் பொது மண்டபத்தில் உட்கார்ந்து, ஊரார் கேட்பதற்குப் பதில் சொல்வது அங்கே வழக்கம்.

என்ன கேட்பார்கள்? பஸ் ஏன் தாமதமாக வருகிறது? அந்த உபாத்தியாயரை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்? சொத்து வரி ஏன் ஏறிற்று? எல்லாவற்றுக்கும் ‘நான் வந்தால் சரிசெய்கிறேன்’ என்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும். என் அபிப்பிராயத்தில் அவருக்கு வாக்களிக்கக் கூடாது. குழு அங்கத்தினர் ஒருவருக்குத் தனியாக எந்த அதிகாரமும் கிடையாது. குழு கூடித் தீர்மானித்தால்தான் எதுவும் நடக்கும். வரவு செலவுத் திட்டத்தை அங்கீகரிப்பது, கொள்கை வகுப்பது, சூப்பரிண்டெண்டெண்ட் என்ற தலைமை அதிகாரியை நியமித்து அவரைக் கேள்வி கேட்பது, இவையே அதன் முக்கிய வேலை. பஸ்ஸும் வகுப்பும் அந்த அதிகாரியின் பொறுப்பு. ‘பஸ் என் கையில் இல்லை, ஆனால் பஸ்ஸுக்குப் பொறுப்பானவரை நியமிப்பதில் எனக்கு ஒரு வாக்கு உண்டு’ என்று சொல்லத் தெரிந்தவரே வேலை தெரிந்தவர்.

அதனால் குழுவை அற்பமாக நினைத்துவிடலாகாது. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கில் பிரதிவாதி யார்? டொபீகா நகரத்துக் கல்விக் குழு! அங்கே ஆரம்பப் பள்ளிகளைப் பிரிக்க வேண்டுமென்று கான்ஸாஸ் ராஜ்யச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அனுமதி மட்டுமே தந்தது. கறுப்பினக் குழந்தைகளைத் தனியே ஒதுக்கியது ஊர்க் குழுதான். அண்மையில், 2021-இல், தொற்றுநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்த வேளையில் ஸான் பிரான்ஸிஸ்கோ குழு 44 பள்ளிகளின் பெயரை மாற்றத் தீர்மானித்தது. பிறகு அதைக் கைவிட்டும் பெற்றோர் கோபம் தணியவில்லை. 2022-இல் ஊரார் வாக்களித்து மூன்று அங்கத்தினர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நம் நாட்டில் இதெல்லாம் இல்லையே என்று பெருமூச்சு விட வேண்டாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளில் நிர்வாகக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், மானியம் எப்படிச் செலவாகிறதென்று பார்ப்பதும் அவர்கள் கடமை. நாம் படிக்கும் இந்தத் தில்லியிலேயே 2015-இல் சர்க்கார் பள்ளிகளில் இதற்குத் தேர்தல் நடந்தது. ஆனால் பல ஊர்களில் தலைமை ஆசிரியர் பெயர்களைச் சொல்ல, பெற்றோர் கையெழுத்திட, காரியம் முடிந்துவிடுகிறது என்பது இரகசியமல்ல. கூலி வேலையை விட்டுவிட்டு வரும் தாய்க்குக் கூட்டம் எதற்கென்றே யாரும் சொல்வதில்லை. சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கோ இந்த விதியே இல்லை.

(ஹாஸ்டல் மெஸ் செயலாளர் தேர்தலில் தினம் வடை பாயசம் வாக்களித்தவரை ஜெயிக்க வைத்த நாம் பிறரைக் குறை சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். கேட்கட்டும்!)

சங்கத்துக்கு என் யோசனை இது. அடுத்த முறை தில்லிப் பள்ளிகளில் இந்தத் தேர்தல் வரும்போது, நம்மில் பத்துப் பேர் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய், வாக்களிப்புக்கு முந்திய ஞாயிறு மாலை பெற்றோரையும் அபேட்சகர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைப்போம். கேள்விகளை ஹிந்தியில் எழுதிக் கொடுப்போம். முதல் கேள்வி: ‘சென்ற வருஷம் பள்ளிக்கு வந்த மானியம் எவ்வளவு, கணக்கை எங்கே பார்க்கலாம்?’