சம்பள ஏற்றம் அரசின் கடன்

1962 ஏப்ரலில் செல்லையா கோடீஸ்வரன் என்ற அரச எழுதுவினைஞருக்குக் கிடைக்க வேண்டிய வருடாந்தச் சம்பள ஏற்றம் கிடைக்கவில்லை. 1952 இல் பொது எழுதுவினைஞர் சேவையில் சேர்ந்து, 1959 இல் நிறைவேற்று எழுதுவினைஞர் வகுப்புக்கு நியமிக்கப்பட்டவர் அவர். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதை நடைமுறைப்படுத்த 1961 டிசம்பர் 4 ஆம் திகதி திறைசேரி வெளியிட்ட 560 ஆம் இலக்கச் சுற்றறிக்கை, சிங்களத் தேர்ச்சி நிபந்தனையை நிறைவேற்றாத உத்தியோகத்தர்களின் சம்பள ஏற்றத்தில் கை வைத்தது. கோடீஸ்வரன் சட்டமா அதிபருக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்தார். 1964 இல் நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர், சமூகங்களுக்கிடையே பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானதால் அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தார். அரசு மேன்முறையீடு செய்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினைக்குள் போகாமலே, அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்காட முடியாது என்று சொல்லித் தீர்ப்பை மாற்றியது. இலங்கைத் தமிழர் அரசியல் வரலாற்றில் இந்த வழக்கு மொழி வழக்காகவே நினைவில் நிற்கிறது. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ இன்று பணியாற்றும் ஓர் உத்தியோகத்தருக்கு அதன் மறுபாதியே அதிகம் வேண்டியது என்பது என் கருத்து.

அந்த மறுபாதி 1969 டிசம்பர் 11 ஆம் திகதி லண்டனில், அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த கோமறைக் கழகம் தந்த தீர்ப்பில் இருக்கிறது. டிப்ளொக் பிரபு எழுதிய அந்தத் தீர்ப்பு, அரசின் விருப்பம் உள்ளவரையே உத்தியோகம் என்ற பழைய கோட்பாட்டை எடுத்துப் பார்த்தது. ஒருவரை எப்போது வேண்டுமானாலும் வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கலாம். அந்த அதிகாரம் இனி வரும் நாட்களைப் பற்றியது. ஏற்கெனவே செய்த வேலைக்கான ஊதியம் அதற்குள் அடங்காது. அது சட்டப்படி அறவிடக்கூடிய கடன். இங்கிலாந்தின் பொதுச்சட்டம் வேறு விதமாகச் சொன்னாலும் இலங்கையின் சட்டம் தனியாக வளர்ந்தது என்பதையும் கழகம் காட்டியது. ஒப்பந்தக் கடனுக்காக முடிக்கு எதிராக வழக்காடலாம் என்பது 1884 இல் சீமான் அப்பு வழக்கிலேயே ஏற்கப்பட்டிருந்தது. இந்தத் தர்க்கத்தின்படி, தகுதியைப் பூர்த்தி செய்த ஊழியருக்குச் சம்பள ஏற்றம் மேலதிகாரி பார்த்துக் கொடுக்கும் சலுகையாக இருக்க முடியாது. திகதி வந்ததும் அது அவருக்குச் சேரவேண்டிய பணமாகிவிடுகிறது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைக் கழகம் தானே தீர்க்காமல் இலங்கை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அதற்கு விடை வரவேயில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 ஆம் திகதி வந்த குடியரசு யாப்பு 29 ஆம் பிரிவையும் கைவிட்டது.

அதே 1972 யாப்பு இன்னொன்றையும் செய்தது. இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. அரச உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம், ஒழுக்காற்று ஆகிய அதிகாரங்களை அமைச்சரவையிடம் கொடுத்துவிட்டு, அந்த விடயங்களில் நீதிமன்றங்கள் தலையிடுவதற்குத் தடை போட்டது. 1978 யாப்பின் 55 ஆம் உறுப்புரை தடையைத் தொடர்ந்தது. அடிப்படை உரிமை வழக்குக்கு மட்டும் வழிவிட்டது. 2001 இல் 17 ஆவது திருத்தம் அரச சேவை ஆணைக்குழுவைச் சுயாதீனமாக்கியபோதும், 61அ உறுப்புரை வழியாகத் தடை நிலைத்தது. ஆணைக்குழுவோ அது அதிகாரம் ஒப்படைத்த உத்தியோகத்தரோ எடுக்கும் தீர்மானத்தை 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கலாம். அதற்கு வெளியே உள்ளது 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. அது கொழும்பில் இருக்கிறது. இதனால் வழக்கின் வடிவமே மாறிப்போனது. கோடீஸ்வரன் காட்ட வேண்டியிருந்தது எளிமையானது: இது என் சம்பளத்திட்டம், இது என் திகதி, இது நீங்கள் தராத பணம். இன்றைய உத்தியோகத்தர் அதே பணத்துக்காக, 12 ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் சமத்துவம் மீறப்பட்டது என்று நிறுவ வேண்டும். தன்னைப்போன்ற இன்னொருவருக்குக் கிடைத்தது, தனக்கு மட்டும் மறுக்கப்பட்டது, அல்லது தீர்மானம் தன்னிச்சையானது என்று காட்ட வேண்டும். கணக்கு வழக்காக இருந்தது யாப்பு வழக்காகிவிட்டது.

அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் காலம் ஒரு மாதம். உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும் என்கிறது 126(2). அதே உறுப்புரையின் (5) ஆம் பந்தி, மனுவை இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கும் சொல்கிறது. நீதிமன்றத்தின் இரண்டு மாதம் வழிகாட்டலாக மட்டுமே கொள்ளப்படுகிறது. ஊழியரின் ஒரு மாதமோ கட்டாயமாகவே நிற்கிறது. 1988 இல் காமெத்திகே எதிர் சிறிவர்தன வழக்கில் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: வேறு பரிகாரம் தேடி அலைந்த காலம், அது நிர்வாகப் பரிகாரமாக இருந்தாலும், அந்த மாத ஓட்டத்தை நிறுத்தாது. அசாதாரண நிலைமைகளில் மட்டும் விலக்கு உண்டு.

நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் ஒருவரின் மேசையிலிருந்து இந்த மாதத்தைப் பார்க்கலாம். தரம் உயர்வு மறுக்கப்பட்ட கடிதம் வருகிறது. காரணம் எழுதப்பட்டிருக்காது, சேவைப் பிரமாணக்குறிப்பின் ஒரு பந்தி இலக்கம் மட்டும் இருக்கும். தாபன நடைமுறையில் ஊறியவர் முதலில் செய்வது மேன்முறையீடு எழுதுவது. அந்தக் கடிதம் பிரதேச செயலாளர் ஊடாக, மாவட்டச் செயலாளர் ஊடாக, அமைச்சின் செயலாளருக்குப் போக வேண்டும். ‘ஊடாக’ என்ற ஒவ்வொரு வரியும் ஒரு மேசை. ஒவ்வொரு மேசையிலும் சில நாட்கள். தன் சுயவிபரக் கோவையில் என்ன இருக்கிறது என்று அறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாடினால், பதில் சொல்ல அலுவலகத்துக்கு 14 வேலைநாள் அவகாசம் உண்டு. சனி, ஞாயிறு, போயா தினங்களைச் சேர்த்தால் அது மூன்று வாரத்தைத் தொடுகிறது. மீதி இருப்பது ஒரு வாரமும் சில நாட்களும். அதற்குள் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும்; நல்ல கடலில் அதுவே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். அதன்பின் கொழும்புக்கு ஓரிரவுப் பயணம். சோளகமும் வாடையும் கடலைக் கலக்கும் நாட்களில் படகுச்சேவையே நின்றுவிடும். கொழும்பில் சட்டத்தரணியைப் பிடித்து, தமிழில் உள்ள கோவையை ஆங்கிலத்துக்கு மாற்றி, சத்தியக்கடதாசி முடித்து மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். சட்டம் எல்லாருக்கும் ஒரே மாதத்தைத்தான் கொடுத்திருக்கிறது. கொள்ளுப்பிட்டியில் இருப்பவரின் மாதமும் நெடுந்தீவில் இருப்பவரின் மாதமும் ஒரே நீளமானவை என்று நம்பினால்தான் அது சமத்துவம்.

இதற்கு ஒரு பதில் சொல்லப்படும்: யாழ்ப்பாணத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் உண்டு, 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி அங்கு ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. உண்மைதான், தீவக உத்தியோகத்தர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஆனால் முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது என்று மனுதாரர் காட்ட வேண்டிவரும். ஆணைக்குழுவின் வேலைப்பளுவில் அந்த விசாரணை எப்போது தொடங்கியது என்பதற்கான கடதாசியை வாங்குவது இன்னொரு அலைச்சல். பின்கதவு திறந்திருக்கிறது என்பதற்காக முன்கதவைப் பூட்டி வைப்பது நியாயமாகாது. மாகாணப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்குப் பாதை இன்னும் சிக்கல். 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் அவர்கள் மீதான அதிகாரத்தை ஆளுநரிடம் வைத்தது; அவரிடமிருந்தே அது மாகாண அரச சேவை ஆணைக்குழுவுக்குப் போகிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிவதற்குள்ளேயே அவர்களின் மாதமும் கரைந்துபோகும்.

மொழி நிபந்தனைக்கு வருவோம், ஏனெனில் அது இன்னும் முடியவில்லை. 2007 ஜூலை 1 ஆம் திகதிக்குப் பின் சேவையில் சேர்ந்தவர்கள் குறித்த காலத்துக்குள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை 07/2007 விதித்தது. பின்வந்த சுற்றறிக்கைகள் தேர்ச்சி மட்டங்களைப் பதவிக்கேற்ப வகுத்தன. இதை 1961 இன் சுற்றறிக்கையோடு சமப்படுத்துவது நேர்மையாகாது. அன்றைய நிபந்தனை ஒரு மொழியை மட்டும் திணித்தது. இன்றையது சிங்கள உத்தியோகத்தர் தமிழ் படிக்க வேண்டும் என்றும் சொல்கிறது, அது நாம் நீண்ட காலம் கேட்டதுதான். ஆனால் தண்டனை விழும் இடம் மாறவில்லை. அன்றும் இன்றும் அது சம்பள ஏற்றத்தில்தான் விழுகிறது. யாப்பின் 22(5) உறுப்புரை இப்படி மற்ற மொழியைக் கற்கக் கோரலாம் என்று அனுமதிக்கும்போதே, கடமையைச் செய்வதற்கு அந்த அறிவு நியாயமாகத் தேவைப்படும் இடத்தில் என்று எல்லையும் போடுகிறது. நயினாதீவுக்கு நாகபூசணி அம்மன் கோயிலின் அடியாரும் நாக விகாரையின் தென்னிலங்கை யாத்திரிகரும் வருகிறார்கள். அங்கு கடமையில் இருக்கும் உத்தியோகத்தருக்குச் சிங்களம் வேண்டும் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். எழுவைதீவிலோ அனலைதீவிலோ, வரும் பொதுமக்கள் அனைவரும் தமிழில் பேசும் அலுவலகத்தில் இருப்பவருக்கு அதே அளவுகோல் எப்படிப் பொருந்தும்? அங்கு வகுப்புக்கும் பரீட்சைக்கும் போவதே ஒரு நாள் லீவும் இரண்டு படகும் கேட்கிறது. அரசு நிபந்தனை விதிக்கலாம். நிறைவேற்றும் வசதியையும் சேர்த்துக் கொடுக்காதவரை, நிறைவேறாததற்குச் சம்பளத்தைத் தடுப்பது 1962 இல் நடந்ததன் சாயலையே கொண்டிருக்கும்.

நாடளாவிய சேவையில் இருப்பவரை நாளை அநுராதபுரத்துக்கு மாற்றலாம், ஆகவே மொழி எங்கும் வேண்டும் என்பார்கள். மாற்றத்தை நிர்ணயிப்பது அரசு. அது நடக்கும்போது நிபந்தனை விழட்டும். நடக்காத இடமாற்றத்துக்காக முன்கூட்டியே பணத்தைப் பிடிக்க என்ன நியாயம்? இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று உண்டு. பதவியுயர்வு என்பது திறமை, சேவை மூப்பு, வெற்றிடம் ஆகியவற்றை எடைபோட்டு எடுக்கும் தீர்மானம். ஒவ்வொன்றையும் நீதிமன்றம் கேள்வி கேட்கத் தொடங்கினால் நிர்வாகம் முடங்கும். பதவியுயர்வைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. ஒரு வெற்றிடத்துக்கு மூவர் தகுதி பெற்றால் யாரைத் தெரிவது என்பதை நீதிபதி தீர்மானிக்க வேண்டாம். ஆனால் கோமறைக் கழகம் கோடு கிழித்த இடத்தையே நாமும் பார்க்க வேண்டும். எதிர்காலத்தைப் பற்றிய தெரிவு ஒன்று. ஏற்கெனவே உழைத்து முடித்த காலத்துக்கான பணம் இன்னொன்று. வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையில் சித்தியடைந்து, சேவைக் காலத்தையும் முடித்தவருக்கு, சேவைப் பிரமாணக்குறிப்பு தானாகவே வழங்கும் தரத்தில் விருப்பதிகாரம் எதுவும் இல்லை. அதைத் தராதது கணக்குப் பிழை. கணக்குப் பிழையைத் திருத்த உயர் நீதிமன்றம் எதற்கு? ஊர்காவற்றுறையிலேயே நீதிமன்றம் இருக்கிறது. இப்படிப்பட்ட பாக்கியை 61அ தடையிலிருந்து விலக்கி, மாவட்ட நீதிமன்றத்தில் கடனாக அறவிடச் சட்டம் வழி விட்டால், 1969 இன் தீர்ப்புக்கு உயிர் வரும். பதவியுயர்வுத் தெரிவுகளில் ஆணைக்குழுவின் கை கட்டப்படவும் மாட்டாது.

கடலுக்கு அப்பால் இந்தியா 1985 ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தில் அரச ஊழியருக்கு ஒரு வருடம் கொடுத்திருக்கிறது. மேலதிகாரிக்குச் செய்த முறையீட்டுக்கு ஆறு மாதம் பதில் வராவிட்டால் அந்த ஆறு மாதம் முடிந்த பின்னரே வருடம் எண்ணப்படும். அங்கே நிர்வாகத்தின் மௌனம் ஊழியரின் காலத்தைத் தின்பதில்லை. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வு முன்பு போர்ட் பிளேயர் எனப்பட்ட அந்தமான் தலைநகருக்கும் சென்று விசாரிக்கிறது. தீவு ஊழியர் தீர்ப்பாயத்தைத் தேடி வங்கக் கடலைத் தாண்டட்டும் என்று விட்டுவிடவில்லை. 1997 இல் எல். சந்திரகுமார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயத்தின் முடிவை மாநில உயர் நீதிமன்றம் பரிசீலிக்கும் அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. அந்த முறையும் தாமதத்தால் நிரம்பியதுதான். ஆனாலும் தாமதமாகத் திறக்கும் கதவும் ஒரு மாதத்தில் பூட்டப்படும் கதவும் ஒன்றாகாது.

126(2) ஐ மாற்ற யாப்புத் திருத்தம் வேண்டும், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டும். அது காலம் எடுக்கும். நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை வருடத்தில் சில தடவை யாழ்ப்பாணத்தில் அமர்வதற்கு யாப்பைத் தொட வேண்டியதில்லை. சம்பள ஏற்றத்தையோ தரத்தையோ மறுக்கும் ஒவ்வொரு கடிதமும் காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், எங்கே எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதை அதே கடிதத்தில் எழுத வேண்டும், கடிதம் கையில் கிடைத்த திகதியை உத்தியோகத்தர் ஒப்பமிட்டுப் பதிய வேண்டும் என்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். கோடீஸ்வரனின் பணத்தை நிறுத்தவும் ஒரு சுற்றறிக்கைதான் போதுமாக இருந்தது.