இறாலுக்கு மேசை வந்தது, கிள்ளுகிறவர்களுக்கு ஸ்டூல் வரவில்லை

ஆலப்புழை மாவட்டத் தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறை அலுவலர்களுக்கு,

இடக்கொச்சியில் பொழுது விடியும் முன்பே வேன் வந்துவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் அரூர், சந்திரூர் வட்டாரத்து ஷெட்டுகளுக்கு இறால் கிள்ள, அதாவது அதன் தலையும் ஓடும் நீக்க, போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் வீட்டு வரிசையில் இருக்கும் அக்கா ஒருவர் பல வருஷமாக அதில் போகிறார். சாயங்காலம் திரும்பியதும் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் வெந்நீரில் போட்டுக்கொள்வார். நாளெல்லாம் ஐஸில் கிடந்த இறாலைத் தொட்டு விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். நகக்கண்ணில் இறால் கொம்பு குத்திய புண். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையாது.

காலையில் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "கழிப்பறைக்குப் போகணும்னா கையுறை, ஏப்ரன், தொப்பி எல்லாம் கழட்டி மாட்டி, திரும்பக் கை கழுவி வந்து நிக்கணும் தம்பி. அதுக்குள்ள ஒரு பேசின் போயிடும்" என்றார். கிள்ளிய எடைக்குத்தானே கூலி!

முன்பெல்லாம் தரையில் உட்கார்ந்துதான் கிள்ளினார்கள். 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவு இறக்குமதியை நிறுத்தியது. அதன்பின் சுத்தத்துக்கான விதிகள் இறுகின. எவர்சில்வர் மேசைகள் வந்தன. இறால் தரையை விட்டு மேலே ஏறியது நல்லதுதான், அதில் குறையில்லை. ஆனால் அதோடு பெண்களும் எழுந்து நின்றார்கள். மேசைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்று பல ஷெட்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை.

நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவே சொன்னது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை என்று தலைமை ஆய்வாளர் கருதினால், இருக்கை போடும்படி தேதி குறித்து எழுத்தில் உத்தரவிடலாம் என்றும் அதே பிரிவில் இருந்தது. இறால் கிள்ளுவது உட்கார்ந்து செய்யக்கூடியதா என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்துதான் செய்தார்கள்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக்கடைப் பெண்கள் கழிப்பறையும் இருக்கையும் கேட்டுப் போராடியதால்தான் 2018-இல் கேரளம் கடைகளுக்கான சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் திருத்தியது. கடையில் நிற்பவருக்குக் கிடைத்த உரிமை, ஈரத் தரையில் நிற்பவருக்குக் கைக்கெட்டாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

ஆய்வுக்கு வாருங்கள். பதிவேட்டை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். இருக்கையையும் கழிப்பறையையும் எண்ணுங்கள்; கழிப்பறை போய்வரும் நேரத்துக்குக் கூலி குறையாதபடி செய்யுங்கள். மேஸ்திரி பக்கத்தில் இல்லாத இடத்தில் பெண்களிடம் பேசுங்கள். மலையாளம் தெரியாதவர்களிடம் தமிழிலும் இந்தியிலும் கேட்க ஆள் கூட்டி வாருங்கள். முன்கூட்டித் தகவல் சொல்லாமல், காலை பதினொரு மணிக்கு வாருங்கள். காலில் வலி ஏறத் தொடங்கும் நேரம் அது என்று அக்கா சொல்கிறார்.

இப்படிக்கு,
இடக்கொச்சிவாசி ஒருவன்