மோசமான கூத்தும் கணக்குக் காட்டாத தீர்ப்பும்

மோசமான கலை என்று ஒன்று கிடையாது, பிடித்த கலை பிடிக்காத கலை என்ற இரண்டுதான் உண்டு என்று இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். எந்தப் படைப்பாளியின் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர்கள். அவர்களுடைய ஐயத்துக்கு வரலாற்று நியாயமும் உண்டு. ‘இது கலையே அல்ல’ என்று தீர்ப்புச் சொன்னவர்கள் யார், யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று திரும்பிப் பார்த்தால், பல நேரங்களில் அது ரசனையின் குரலாக இல்லை, வசதியின் குரலாகவே இருந்திருக்கிறது. ஆனால் இந்த உண்மையிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு என்று நினைக்கிறேன். அதை விளக்க எங்கள் பகுதியின் கூத்தை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தாமல் ஏரிக்கரையில் தொடங்கி, காஞ்சிபுரத்தைத் தாண்டி, ஒரு பக்கம் செய்யாறு, மறுபக்கம் உத்திரமேரூர் வரையிலான ஊர்கள் பெரும்பாலும் ஏரிப் பாசனத்தை நம்பியவை. இந்த ஊர்களின் திரௌபதி அம்மன் கோயில்களில், அறுவடை முடிந்த கோடை மாதங்களில் பாரத விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, சூது துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதையாக நகர்ந்து, பதினெட்டாம் போருக்கு மறுநாள் காலை படுகளத்தில் முடியும். ஒவ்வொரு கூத்தும் பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும். மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் அணிந்த வேடக்காரர், இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடித் தன்னை அறிவித்த பிறகே வெளியே வருவார். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். பின்பாட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் அரசனையும் ஊர்ப் பெரியவர்களையும் ஒரே மூச்சில் கிண்டல் செய்யும் கட்டியக்காரன்.

இந்தக் கலைக்கு நகரமும் படித்தவர்களும் வழங்கிய முதல் தீர்ப்பு, இது மோசமானது என்பது. அந்தத் தீர்ப்பு நம் மொழியிலேயே படிந்திருக்கிறது. ‘கூத்தாடி’ ஒரு வசைச்சொல். ‘கூத்தடிக்கிறான்’ என்றால் பொறுப்பில்லாமல் திரிகிறான் என்று பொருள். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், அன்றைய தமிழ் நாடகங்கள் மீது இளமையில் தமக்கு இருந்த வெறுப்பைத் தம் நாடக மேடை நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்த பிறகே நாடகம் மரியாதைக்குரியது என்று அவருக்குத் தோன்றியது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தமிழ் நாடகத்துக்கு அவர் செய்தது மிகப் பெரிது. ஆனால் படித்தவர்கள் ஆடினால் நாடகம், படிக்காதவர்கள் ஆடினால் கூத்து என்ற பிரிவினை அந்தக் காலத்தில்தான் உறுதிப்பட்டது. அதன்பின் கூத்தின் பாட்டு எப்படி, ஆட்டம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஆடியவர் யார் என்பதே போதுமானதாக இருந்தது.

சதிருக்கு நேர்ந்ததும் இதேதான். 1930-களின் தொடக்கத்தில் சென்னைப் பத்திரிகைகளில் நடந்த விவாதத்தில் ஆட்டம் எப்படி இருக்கிறது என்பதைவிட ஆடுபவரின் ஒழுக்கம் எப்படி என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. 1947-ல் சட்டம் வந்தது. நடனம் ‘பரதநாட்டியம்’ என்ற பெயரில் மேல்சாதி வீடுகளுக்குப் போனது. அதைப் பல தலைமுறைகளாகக் காத்தவர்களில் பெரும்பாலோர் மேடையை இழந்தார்கள். சிருங்காரத்தை நீக்கினால்தான் நடனம் தூய்மையாகும் என்ற வாதத்தை பாலசரஸ்வதி இறுதிவரை ஏற்கவில்லை. ஒழுக்கத் தீர்ப்பு ஒன்று கலைத் தீர்ப்பின் வேடத்தில் வந்திருக்கிறது என்பதை அவர் சரியாகவே இனங்கண்டார்.

கூத்துக்கான காற்று 1970-களில் திசை மாறியது. புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்த ந. முத்துசாமி, தமிழ் நவீன நாடகத்துக்கான வேர் இங்கேதான் இருக்கிறது என்று எழுதத் தொடங்கினார். 1977-ல் கூத்துப்பட்டறை உருவாயிற்று. கண்ணப்பத் தம்பிரானின் புரிசைக் குழு மகாபாரதம் மட்டுமின்றி மார்க்வெஸின் சிறுகதையையும் கூத்தாக்கியது. 1990-ல் பெ. ராஜகோபாலும் மற்ற கலைஞர்களும் காஞ்சிபுரத்தில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். ‘தெருக்கூத்து’ என்ற பெயரில் வெளியாரின் இளக்காரம் ஒலிக்கிறது, கட்டை கட்டி ஆடும் எங்கள் கலை ‘கட்டைக்கூத்து’ என்றார்கள். புரிசைக்காரர்கள் தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையுடன் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் விவாதம் இன்றும் தீரவில்லை. 2025-ல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு காலத் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது என்று சொல்லலாம்.

இத்துடன் கதை சுபமாக முடிந்தது என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவது தீர்ப்பின் மீதும் புகார் உண்டு. முன்பு எல்லாக் கூத்தும் மோசம்; இப்போது எல்லாக் கூத்தும் அருமை. இரண்டு தீர்ப்புகளையும் கூத்தைப் பார்க்காமலேயே வழங்க முடியும். ‘நம் மண்ணின் கலை’, ‘பாரம்பரியச் செல்வம்’ என்று பேசி, அரசு விழா மேடையில் இருபது நிமிடம் ஆடவிட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். ஒரு நாவல் வந்தால் அதன் இருபதாம் அத்தியாயத்தில் உள்ள தொய்வு வரைக்கும் நாம் பேசுகிறோம். ஒரு திரைப்படத்துக்கு மதிப்பெண் போடுகிறோம். ஆனால் இன்ன ஊரில் இன்ன இரவு நடந்த கூத்தில் துரியோதனன் எப்படிப் பாடினார், எந்த இடத்தில் சுருதி விலகியது, கட்டியக்காரன் எந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்தினார் என்று எழுதப்பட்ட ஒரு மதிப்புரையை நான் நம் பத்திரிகைகளில் படித்ததில்லை. பாராட்டப்படுகிறது, ஆனால் மதிப்பிடப்படவில்லை. பத்து வயதில் பெண்வேடம் கட்டத் தொடங்கி, முப்பது ஆண்டுகள் கழித்துக் கர்ணனுக்கு வந்து சேர்ந்த ஒரு கலைஞரையும், பாதிப் பாட்டை மறந்துவிட்டு ஒலிபெருக்கியின் தயவில் ஒப்பேற்றும் ஒருவரையும் ஒரே பொன்னாடையால் சமமாக்குவது மரியாதை அல்ல. அது அலட்சியத்தின் இன்னொரு வடிவம்.

ஊர்க்காரர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை. அவர்களுக்கு மோசமான கூத்து என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். எங்கள் பகுதிகளில் கூத்து முடிந்த மறுநாள் டீக்கடையில் நின்றால் போதும். “கர்ணனுக்குத் தொண்டையே எழும்பல. பின்பாட்டுதான் காப்பாத்துச்சு” என்பார் ஒருவர். “கட்டியக்காரன் பேச்சுல பாதி ராத்திரி போயிடுச்சுப்பா, அப்புறம் மோட்சத்த அவசர அவசரமா முடிச்சிட்டாங்க” என்பார் இன்னொருவர். இந்தப் பேச்சில் தெளிவான அளவுகோல்கள் இருக்கின்றன. குரல் கடைசிப் பாய் வரைக்கும் வர வேண்டும். திரைக்குப் பின்னால் பாடும்போதே வரப்போகிறவன் யார் என்ற எதிர்பார்ப்பு கூட வேண்டும். சுழன்று ஆடி நிற்கும்போது கால் தாளத்தில் வந்து விழ வேண்டும். பொன்னுருவியின் புலம்பலுக்கு அவகாசம் இருக்க வேண்டும். கர்ணன் சாயும் நேரமும் கிழக்கு வெளுக்கும் நேரமும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும்.

இவர்களிடம் இன்னொரு நுட்பமான வேறுபாடும் உண்டு. கூத்து ஒரு வேண்டுதலும்கூட. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறி எலுமிச்சையும் விபூதியும் வீசினால் சடங்கு நிறைவேறிவிட்டது. குழந்தை வேண்டிக் காத்திருக்கும் பெண்களுக்கு அது போதும். ஆனால் சடங்கு நிறைவேறிய அதே இரவில் கூத்து தேறவில்லை என்று சொல்ல அவர்களால் முடியும். பயன்பட்டது, ஆனால் நன்றாக இல்லை. கலையின் சமூகப் பயன் ஒன்று, கலைத்தரம் மற்றொன்று என்று நாம் கருத்தரங்குகளில் முட்டி மோதிக் கண்டுபிடிப்பதை இவர்கள் இயல்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஊர்க்காரர்களின் தீர்ப்பு எப்போதும் சரி என்று சொல்ல வரவில்லை. சினிமா மெட்டு நுழைந்ததால் கூத்து கெட்டது என்று பெரியவர்கள் சிலர் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. கட்டியக்காரன் எக்காலத்திலும் அன்றன்றைய ஊர்ச் செய்தியையும் மெட்டையும் எடுத்துக்கொண்டவன்தான். கேட்க வேண்டியது, அந்த மெட்டு அந்த இடத்தில் என்ன செய்கிறது என்பது. துகில் உரியும் காட்சிக்கு முன்னால் சபையின் கீழ்மையைக் காட்ட அது உதவினால் நல்லது. கைதட்டலுக்காகத் திரௌபதியின் ஓலத்துக்கு நடுவே வந்து விழுந்தால் மோசம். இப்படிக் காரணம் சொன்னால், அந்தப் பெரியவருடன் நான் விவாதிக்க முடியும். அவரும் என்னைத் திருத்த முடியும்.

காரணம்தான் இங்கே மையம். ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹ்யூம் 1757-ல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், டான் குவிக்ஸாட் நாவலில் சாஞ்சோ பான்சா சொல்லும் கதை ஒன்றை எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவினர்கள் இருவர் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைக்கிறார்கள். நல்ல ஒயின், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். லேசாக இரும்பு வாடை என்கிறார் மற்றவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியான பிறகு அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடைக்கிறது. ரசனை அகவயமானது என்பது உண்மை. ஆனால் அது சுட்டும் பொருள் பீப்பாய்க்குள் இருக்கிறது. நல்ல விமர்சகரின் வேலை அந்தச் சாவியை எடுத்துக் காட்டுவது.

யார் தீர்ப்புச் சொல்லலாம் என்ற கேள்விக்கு உத்திரமேரூரிலேயே ஒரு பதில் கல்லில் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்போம். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுதல், சிறுவனை விட்டு எடுக்கச் செய்தல். வாரியத்தில் அமர விரும்புகிறவருக்கு அங்கே இரண்டு வகை விதிகள் உண்டு. ஒன்று, தகுதி: கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயது. மற்றது, தகுதியின்மை: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது, அவருடைய உறவினரும் வரக்கூடாது.

கலையைப் பொறுத்தவரை நாம் நெடுங்காலமாக முதல் விதியை மட்டுமே பின்பற்றினோம். நிலமும் கல்வியும் உள்ளவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கூத்தாடியவர்களில் பெரும்பாலோருக்குக் கால் வேலி என்ன, கால் காணிகூடச் சொந்தமாக இருந்ததில்லை. முதல் விதி அநியாயம் என்று கண்டுகொண்ட நாம், இப்போது இரண்டாவது விதியையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டோம். தீர்ப்பே வேண்டாம் என்கிறோம். நான் சொல்வது எளிமையானது. நிலத்தையும் பட்டத்தையும் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். டீக்கடைப் பெரியவருக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் இது ஒன்றாகவே பொருந்தும்.

நம் இலக்கியச் சூழலுக்கும் இதே பாடம்தான். க.நா.சு. சிறந்த படைப்புகளைப் பட்டியலிட்டார். அந்தப் பட்டியல்களால் இரண்டு தலைமுறை வாசகர்கள் பயனடைந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏன் என்ற கேள்விக்கு அவர் பெரும்பாலும் விரிவாகப் பதில் சொல்லவில்லை என்ற குறை அவர் காலத்திலேயே எழுந்தது. 1959-ல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, படைப்பை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கும் அலசல் முறையை வலியுறுத்தினார். அதில் சில நேரம் அலுப்பு தட்டும். இருந்தாலும் செல்லப்பாவுடன் சண்டை போட முடியும், ஏனென்றால் அவர் கணக்கு மேசை மீது இருக்கிறது. இது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. நூலின் குற்றம் பத்து என்று நன்னூல் வகுத்து வைத்திருக்கிறது. அவற்றுள் ‘சென்று தேய்ந்திறுதல்’ என்ற ஒன்று போதும், நாம் படித்த எத்தனையோ நாவல்களின் பிற்பாதியை விளக்க.

ரசனை மாறும், இன்று மோசமெனப்பட்டது நாளை உன்னதமாகலாம் என்பது வழக்கமான மறுப்பு. கூத்தின் வரலாறே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்று பாருங்கள். எல்லாம் சமம் என்று சொல்லி முத்துசாமி கூத்தைக் காப்பாற்றவில்லை. இதில் இன்னின்ன இருக்கிறது, நீங்கள் பார்க்கத் தவறினீர்கள் என்று காரணம் சொல்லித்தான் பழைய தீர்ப்பைத் தோற்கடித்தார். தீர்ப்பே கூடாது என்று இருந்திருந்தால் அந்தத் தவறான தீர்ப்பு இன்றும் அப்படியே கிடந்திருக்கும்.

ஆகவே மோசமான கலை உண்டு. அதைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு, கணக்குக் காட்டும் கடமையுடன். நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் ஏதாவது ஓர் ஊரில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து கூத்துப் பாருங்கள். பிறகு அதைப் பற்றி, ஒரு நாவலுக்கு எழுதுவது போல எழுதுங்கள். யார் என்ன வேடம் கட்டினார், எது கூடி வந்தது, எது வரவில்லை, ஏன். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே எழுதுங்கள். அந்தக் கலைஞர்களுக்கு நாம் இதுவரை தராத மரியாதை அது ஒன்றுதான்.