பகிடி என்ற பெயரில் ஒரு வெறுப்பு

கடந்த வாரம் கண்டியிலிருந்து கம்பளை செல்லும் பஸ்ஸில் இருந்தேன். பேராதனையில் உரப்பை ஒன்றுடன் ஒரு முதியவர் ஏறினார். தோட்டத்து மனிதர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எனக்கு முன் இருக்கையில் டியூஷன் முடிந்து வரும் மூன்று மாணவர்கள். பேச்சிலிருந்தே நம் பிள்ளைகள் என்று புரிந்தது. ஒருவன், "தோட்டக்காட்டான் ஏறிட்டான், மூக்கப் பொத்து" என்றான். மற்றவன் போனில் வீடியோ எடுத்தான். இடம் கொடுக்க யாரும் எழவில்லை.

நான் எழுந்து என் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, பையன்களிடம் கேட்டேன். "சும்மா பகிடி அங்கிள்" என்றார்கள். கோபமோ வெட்கமோ இல்லாத பதில் அது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு இதே வழியில் என் மனைவி அமர்ந்தபோது, பக்கத்திலிருந்த பெண் எழுந்து போய் நின்றுகொண்டார். அதன் பிறகு மாதக்கணக்கில் மனைவி பஸ் ஏறவில்லை. "தம்பியா", "ஹம்பயா" என்று நம்மைக் கூப்பிட்டவர்களும் பகிடி என்றுதான் சொன்னார்கள். 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது அரசாங்கம் முகநூலையே முடக்க வேண்டியதாயிற்று. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. இவற்றையெல்லாம் நாம் மறக்கவில்லை. நம் பிள்ளையின் போனில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

இளைஞர்களை மட்டும் குறை சொல்வது எளிது. அந்தச் சொல்லை அவர்கள் டிக்டொக்கில் கற்கவில்லை. கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் கடைகளில் சம்பள நாளன்று தோட்டத்து மக்களின் பணத்தை எண்ணி வாங்கிவிட்டு, அவர்கள் படியிறங்கியதும் நம் பெரியவர்கள் சொன்ன சொல் அது. என் வாப்பாவின் கடையிலும் கேட்டிருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கும் சூறா ஹுஜுராத்தின் வசனம் அதே கடைச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது.

அந்த முதியவரின் மக்கள் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள். அந்த நிலையை முற்றாக முடிக்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. தாங்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். "அரபு நாட்டுக்குப் போ" என்று கேட்டுக் காயப்பட்ட நமக்கு, "இந்தியாவுக்குப் போ" என்று கேட்டவர்களின் வலியை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நம் பாடசாலைகளில், மத்ரஸாக்களில் இதைப் பற்றி ஒரு பாடவேளையாவது பேசப்படுவதாக நான் கேள்விப்படவில்லை. நமக்கு நடந்ததைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். நாம் செய்ததைச் சொல்வதில்லை.

கெலிஓயாவில் பையன்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவன் மட்டும் முதியவரைத் திரும்பிப் பார்த்தான். எடுத்த வீடியோவை அழித்தானா என்று கேட்க, பஸ் புறப்பட்ட பிறகுதான் எனக்குத் தோன்றியது.