காட்டாமணக்கு டீசல் கனவு: வறண்ட நிலத்தில் ஏன் பலிக்கவில்லை? புது ரகம் வந்தால் மாறுமா?

தண்ணீர் அதிகம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, தரிசில் நட்டுவிட்டாலே போதும், டீசல் கிடைக்கும். 2000-களின் தொடக்கத்தில் காட்டாமணக்கு பற்றி விவசாயிகளிடம் சொல்லப்பட்டது இதுதான். பலர் நம்பி நட்டார்கள். மூன்று, நான்கு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு பிடுங்கியும் போட்டார்கள்.

2017-க்குள் டீசலில் 20% உயிரி எரிபொருள் கலக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2009-ஆம் ஆண்டு கொள்கை. அது நடக்கவில்லை. 2018-ல் வந்த புதிய கொள்கை, 2030-க்குள் 5% பயோடீசல் என்று இலக்கைக் குறைத்தது. அதிலிருந்தும் நாடு இன்னும் வெகு தூரத்தில்தான் இருக்கிறது.

அப்போ தப்பு எங்கே நடந்தது? செடியிலா, திட்டத்திலா?

கணக்கு எப்படிப் போட்டார்கள்?

2003-ல் அப்போதைய திட்டக்குழு பயோடீசல் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. நாடு முழுக்க சுமார் 1.34 கோடி ஹெக்டேரில் காட்டாமணக்கு நடலாம் என்றது அந்த அறிக்கை. ஒரு ஹெக்டேருக்கு 2,500 செடி, ஒரு செடிக்கு ஒன்றரை கிலோ விதை, ஆக ஹெக்டேருக்கு 3.75 டன் விதை. இதுதான் கணக்கு.

காகிதத்தில் கணக்கு சரி. ஆனால், எந்தச் செடி ஒன்றரை கிலோ காய்க்கும் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. ஏனென்றால், அப்போது விவசாயிக்குக் கொடுக்க நம்பகமான ரகம் என்று ஒன்று கையில் இல்லை. வேலியோரம் வளர்ந்து நின்ற செடிகளின் விதையும் போத்தும்தான் நாற்றங்காலுக்குப் போனது.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

இங்கேயும் தரிசு நில மேம்பாடு, தனியாருடன் ஒப்பந்த சாகுபடி என்று காட்டாமணக்கு பரவியது. அதன் விளைவைக் கள ஆய்வு செய்து, 2010-ல் எக்கலாஜிக்கல் எகனாமிக்ஸ் இதழில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு, தண்ணீர் வசதி இருந்தால்தான் ஓரளவாவது கட்டுப்படியாகும், ஏழை விவசாயிகளுக்குத்தான் அதிக அடி. இதுதான் அந்த ஆய்வின் சாரம். அதாவது, தண்ணீர் இல்லாதவருக்கான பயிர் என்று கொண்டுவரப்பட்டது, தண்ணீர் இருப்பவருக்குத்தான் கொஞ்சம் கைகொடுத்தது.

வறட்சியில் பிழைப்பது வேறு, வறட்சியில் காய்ப்பது வேறு. காட்டாமணக்கு தண்ணீர் இல்லாவிட்டால் இலையை உதிர்த்துவிட்டு உயிரோடு நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் காய் வராது.

செடியில் என்ன சிக்கல்?

• பெண் பூ குறைவு: ஒரே கொத்தில் ஆண் பூக்கள்தான் அதிகம். பெண் பூதான் காயாக மாறும் என்பதால், பூத்துக் குலுங்கினாலும் காய் சொற்பம்தான்.

• ஒரே நேரத்தில் பழுக்காது: ஒரே கொத்தில் பூவும் இருக்கும், பச்சைக் காயும் இருக்கும், பழுத்ததும் இருக்கும். திரும்பத் திரும்பக் கையால் பறிக்கணும். விதை விற்ற காசு பறிப்புக் கூலிக்கே போய்விடும்.

• விஷம்: விதையில் ஃபோர்பால் எஸ்டர் என்ற நச்சு இருக்கிறது. அதனால் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை அப்படியே மாட்டுக்குப் போட முடியாது, எருவாகத்தான் போடணும். கடலை, எள்ளில் பிண்ணாக்கும் காசு. இங்கே அந்த வருமானம் இல்லை.

• எல்லாம் ஒரே ஜாதி: காட்டாமணக்கின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. போர்ச்சுகீசியர்கள் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்ததாகக் கருதப்படுகிறது. வந்தது கொஞ்சம் விதை, அதிலிருந்து பெருகியதுதான் இங்கே இருக்கும் செடிகள். அதனால் அவற்றின் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடு இல்லாத செடிகளில் எதைப் பொறுக்கி, எதோடு சேர்த்துப் புது ரகம் உருவாக்குவது?

ஆமணக்கு மட்டும் எப்படி ஜெயித்தது?

காட்டாமணக்கும் நம்ம ஊர் ஆமணக்கும் ஒரே குடும்பம். ஆமணக்கிலும் ஆண், பெண் பூக்கள் தனித்தனிதான். ஆனால் அங்கே விஞ்ஞானிகள் முதலில் பெண் பூ மட்டுமே அதிகம் விடும் செடிகளைத் தேர்வு செய்தார்கள். அதை வைத்து வீரிய ஒட்டு ரகம் உருவாக்கினார்கள்.

1968-ல் குஜராத்தில் ஜிசிஎச்-3 என்ற ரகம் வந்தது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புது ரகங்கள். இன்று உலகிலேயே ஆமணக்கு உற்பத்தியில் இந்தியாதான் முதலிடம், அதில் பெரும்பங்கு குஜராத்துடையது. தமிழ்நாட்டிலும் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் ஒய்ஆர்சிஎச்-1 போன்ற ரகங்களைத் தந்திருக்கிறது.

ஆமணக்கு எண்ணெய்க்குத் தொழிற்சாலைகளில் நல்ல விலை இருக்கிறது, பிசுபிசுப்பும் அதிகம். அதனால் டீசலுக்கு அது தோதுப்படாது. ஆனால் பாடம் தெளிவு: ஆமணக்கில் ரகம் முன்னே போனது, பரப்பு பின்னே வந்தது. காட்டாமணக்கில் இது தலைகீழாக நடந்தது.

இப்போ ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

காட்டாமணக்கின் மரபணு வரிசையை ஜப்பானின் கசுசா டிஎன்ஏ ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வெளியிட்டிருக்கிறார்கள். மெக்சிகோவில் நச்சு இல்லாத வகைகளும் உண்டு. அங்கே சில பகுதிகளில் அதன் விதையை மக்கள் வறுத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த வகைகளோடு கலப்பு செய்வது ஒரு வழி.

இன்னொரு வழி, வீட்டுத் தோட்டங்களில் சிவப்புப் பூவுக்காக வளர்க்கும் ஜட்ரோபா இன்டெஜெரிமா என்ற உறவுச் செடியோடு ஒட்டுச் சேர்ப்பது. மேட்டுப்பாளையத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இந்தக் கலப்பில் வேலை செய்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், நேரம். நெல்லில் ஒரு வருஷத்தில் இரண்டு தலைமுறை பார்த்துவிடலாம். காட்டாமணக்கில் ஒரு செடி நன்றாகக் காய்க்குமா என்று தெரியவே மூன்று, நான்கு வருஷம் ஆகும்.

புங்கம் மாற்றாகுமா?

நம் மண்ணின் மரமான புங்கமும் பட்டியலில் இருக்கிறது. கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்தில் வரப்போரம் புங்கம், வேம்பு நட்டு விதை சேகரிக்கும் முயற்சி நடந்தது. புங்கம் காற்றில் உள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். ஆனால் விதை போட்டு வளர்த்தால் ஒரு மரம் போல இன்னொரு மரம் காய்க்காது. நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றுதான் இதற்குத் தீர்வு.

தரிசு என்றால் சும்மா கிடக்கும் நிலமா?

அரசுக் கணக்கில் தரிசு என்று இருக்கும் இடத்தில்தான் ஆடு மேயும், விறகு வெட்டப்படும். தென் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி கரி மூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் ஏராளம். அங்கே புதுச் செடி நடும்போது, ஏற்கெனவே கிடைத்துவந்த வருமானத்தையும் கழித்துத்தான் லாபம் பார்க்கணும்.

விவசாயி என்ன கேட்கணும்?

எரிபொருள் தயாரிக்கும் தொழில்நுட்பத்தில் தடை இல்லை. 2018 ஆகஸ்ட் 27-ல் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் காட்டாமணக்கு எண்ணெயில் உருவான 25% கலவையோடு பறந்தது. சர்வதேச விமானங்களின் எரிபொருளில் 2027-ல் 1%, 2030-ல் 5% பசுமை எரிபொருள் கலக்க இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. அதனால் எண்ணெய் மரம் நடுங்கள் என்ற அழைப்பு மறுபடியும் வரலாம்.

அப்போது கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை:

• இது பெயர் உள்ள, பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகமா? வெறும் விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா?

• சொல்லும் விளைச்சல் மானாவாரியில் எடுத்ததா, சொட்டுநீரில் எடுத்ததா? எத்தனை வருஷம் எடுத்தது?

• காய்க்கும் வரை மூன்று, நான்கு வருஷத்துக்கு வருமானம் என்ன? ஊடுபயிர் போட முடியுமா?

• விதையை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள்? அது எழுத்தில் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்கு 2003-ல் யாரிடமும் பதில் இல்லை. இந்த முறை பதில் வந்த பிறகு குழி வெட்டினால் போதும்.