உங்கள் மேசை மேல் ஓர் ஆய்வுக்கூடம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? படம் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், கேம்ஸ் விளையாடுகிறோம். தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் கொடுத்த பணத்தில் பாதி வீண் என்பேன்.

சென்ற மாதம் பென்னாகரம் போயிருந்தேன். எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் சித்தி மகன் கவலையோடு இருந்தான். உயர் வெப்பநிலை மீக்கடத்திகளில் உள்ள ஜோசப்சன் சந்தி பற்றி அவன் புராஜெக்ட் செய்ய வேண்டும். "நம்ம ஊர்ல இதுக்கு லேப் ஏது அண்ணா? காசு கொடுத்தா ரெடிமேடா செஞ்சு தர்றாங்களாம்" என்றான். பக்கத்திலேயே அவனது புது லேப்டாப் இருந்தது!

மிகவும் குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்தான் மீக்கடத்தி. இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மிக மெல்லிய தடுப்பு இருந்தாலும், ஓர் அளவு வரை மின்னழுத்தமே இல்லாமல் மின்னோட்டம் பாயும். அளவைத் தாண்டினால் மின்னழுத்தம் தோன்றும். 1962-ல் இதைக் கணித்துச் சொன்ன பிரையன் ஜோசப்சன், 1973-ல் நோபல் பரிசு பெற்றார். 1987-ல் இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த பொருள் வந்தது. அதற்கு மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனே போதும். இந்தச் சந்திகளைக் கொண்டு செய்யும் ஸ்க்விட் என்ற சென்சார், இதயமும் மூளையும் உண்டாக்கும் நுண்ணிய காந்தப்புலத்தையும் அளக்கும். நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த ஆய்வு நடக்கிறது. 2025-ம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசும் இந்தச் சந்தியை வைத்து நடந்த சோதனைகளுக்கே.

சந்தியைச் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும். அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட எக்செல் போதும். எண்ணெய்க்குள் தொங்கும் ஊசலைத் திருகுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் திருகினால் சாய்ந்து நிற்கும். பலமாகத் திருகினால் சுற்ற ஆரம்பிக்கும். திருகும் விசைதான் மின்னோட்டம், சுற்றும் வேகம்தான் மின்னழுத்தம்.

முதல் செல்லில் பூஜ்யம் போடுங்கள். இது ஊசலின் கோணம். அடுத்த செல்லுக்கான ஃபார்முலா இதுதான்: 0.8-லிருந்து மேல் செல்லின் சைன் மதிப்பைக் கழித்து, விடையை 0.05-ஆல் பெருக்கி, மேல் செல்லின் எண்ணோடு கூட்டுங்கள். இதை 2000 வரிகளுக்கு காப்பி செய்யுங்கள். எண் 0.927-ல் போய் நின்றுவிடும், மின்னழுத்தம் இல்லை. 0.8-ஐ 1.5 ஆக்குங்கள். எண் ஏறிக்கொண்டே போகும், மின்னழுத்தம் வந்துவிட்டது!

இப்போது மறுபடியும் 0.8 போட்டு, 0.05-க்குப் பதில் 4 கொடுத்துப் பாருங்கள். நிற்க வேண்டிய எண் 6.94, 7.69 என மாறி மாறிக் குதிக்கும். சந்தி அப்படி நடப்பதில்லை. நாம் வைத்த காலடி பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராது. தப்பான விடையையும் அதே அழகோடு கட்டம் போட்டுக் காட்டும். காலடியைப் பாதியாக்கினாலும் விடை மாறவில்லை என்றால்தான் நம்பலாம்.

ரெடிமேட் புராஜெக்ட் வாங்குபவருக்கு இந்த இடம்தான் தெரியாமல் போகிறது. பைண்டிங் செய்த புத்தகம் கையில் இருக்கும். அதில் உள்ள வரைபடம் சரியா என்று கேட்டால் பதில் இருக்காது. நாளை வேலைக்குப் போகும் இடத்தில் கேட்கப்போவது அந்தக் கேள்வியைத்தான். சாப்ட்வேர் துறையில் இருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அன்று இரவே தம்பி அந்த 2000 வரிகளையும் போட்டுவிட்டான். நிஜ சந்தியில் வெப்பத்தால் வரும் இரைச்சலையும் சேர்ப்பது அவனுடைய அடுத்த வேலை. அதற்கும் எக்செல்லில் ரேண்டம் எண் இருக்கிறது. நீங்களும் இன்று ஒரு முறை செய்து பாருங்களேன். படம் நாளைக்குப் பார்க்கலாம்.