கையெழுத்துக் கேட்டால் குத்தகையே போய்விடும்



2025 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் கடப்பா மாவட்டம் பெண்ட்லிமர்ரியில் முதல்வர் தொடங்கிவைத்த ‘அன்னதாதா சுகீபவ’ உழவர் உதவித்தொகையின் இரண்டாம் தவணையை ஒட்டி எங்கள் பக்கம் நடக்கும் கூத்தையும் நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும்.

நான் வரதய்யபாளையம் மண்டலத்தில் குத்தகைக்கு நெல் வைக்கிறவன். நிலத்துக்காரருக்குச் சென்னையில் கடை. பணம் போட்ட சில நாளில் அவரிடமிருந்து போன்: “எல்லாருக்கும் 7,000 ரூபா வந்துடுச்சாமே, எனக்கு வரலை. ஆபீசுல போய்க் கேட்டுச் சொல்லுப்பா.” போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “ஆதார் இணைப்புல கோளாறு, பேங்க்ல சரி பண்ணினா வந்துடும்” என்று பொறுமையாக விளக்கினார். அப்படியே என் சங்கதியையும் கேட்டேன். பொறுமை பறந்துவிட்டது. “குத்தகை அட்டை இருக்கா? இல்லேன்னா ஓனர் கையெழுத்தோட வா.”

வரப்பையே மிதிக்காதவருக்குப் பணம் வரவில்லையே என்று விசாரிக்க, சேற்றில் நிற்கிறவன் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இதற்குப் பெயர் உழவர் உதவித்தொகை!

ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்ததிலிருந்து இங்கே நிலத்துக்கு என்ன விலை என்று ஊரறியும். இந்த நிலையில் எந்த நிலத்துக்காரர் அரசாங்கக் காகிதத்தில் இன்னொருவன் பெயரை ஏற்றக் கையெழுத்துப் போடுவார்? கேட்டால் அடுத்த போகத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். 2019 பயிர் சாகுபடியாளர் சட்டப்படி குத்தகை அட்டைக்கு ஆயுசே 11 மாதம். நிலத்தில் எந்த உரிமையும் கிடையாது. அந்த அட்டைக்குக்கூட நிலத்துக்காரர் கையெழுத்து கட்டாயம். 2011 சட்டத்தில் இந்தக் கட்டாயம் இல்லை. கொடுத்ததைப் பிடுங்கிவிட்டு, அட்டை வைத்திருக்கும் குத்தகைதாரருக்கு வருடம் 20,000 தருவோம் என்று மேடையில் முழங்கினால் யாருக்கு லாபம்?

உண்மையான குத்தகைதாரர் யாரென்று எப்படித் தெரியும் என்பார்கள். இ-கிராப் பதிவுக்கு வயலுக்கே வந்து பயிரைப் படமெடுத்து, சாகுபடி செய்கிறவன் பெயரைக் குறித்துக்கொண்டு போகிறார்களே, அந்தப் பட்டியல் எதற்கு? நிலத்துக்காரரே மனமிரங்கிப் பங்கு கொடுப்பார் என்றும் சிலர் சொல்கிறார்கள். அப்படிக் கொடுத்தவரைக் காட்டுங்கள், மாலை போடுகிறேன்.

மத்திய அரசின் பி.எம். கிசானும் நிலம் யார் பேரில் என்றுதான் பார்க்கிறது. ஒடிசாவின் ‘காலியா’ திட்டத்தில் குத்தகை விவசாயியையும் சேர்த்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இங்கே முடிந்ததெல்லாம் பெயர் மாற்றம்தான். 2019இல் அன்னதாதா சுகீபவ. ஆட்சி மாறியதும் ரைத்து பரோசா. மறுபடி ஆட்சி மாறியதும் மறுபடி அன்னதாதா. ரைத்து பரோசா கேந்திரம் என்ற விவசாய ஆபீஸ் ரைத்து சேவா கேந்திரமானது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த எங்கள் மண்டலம் 2022இல் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. எந்த ஆட்சியிலும் தவறாமல் பலனடைந்தவர் போர்டு எழுதுகிற பெயின்டர் ஒருவர்தான்.

அடுத்த தவணைக்குள் கையெழுத்துக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, இ-கிராப் பதிவைப் பார்த்துப் பணம் போடுங்கள். அதற்கு மனசில்லையென்றால் விளம்பரத்தில் தலைப்பாகைக்காரர் படம் எதற்கு? பட்டா பாஸ் புத்தகத்தின் படத்தைப் போட்டுவிடுங்கள், பொருத்தமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு குத்தகை விவசாயி,
வரதய்யபாளையம்